காப்பி இலையில துரு, கெல்வின் கணக்கு, அப்புறம் நம்ம லெமூரியா

இலங்கை மலையகத்துல எந்தத் தோட்டத்துக்குப் போய் பெரியவங்ககிட்ட கேட்டாலும் இந்தக் கதைய ஒரே மாதிரிதான் சொல்லுவாங்க. மொதல்ல இங்க காப்பிதான் இருந்திச்சு, காப்பியில பூச்சி விழுந்திச்சு, வெள்ளைக்காரத் தொரைமாருங்க எல்லாத்தையும் புடுங்கிப்போட்டுட்டு தேயிலைய வச்சாங்க, அவ்ளோதான். ஓ.எல் பரீட்சைக்குப் படிச்ச பிள்ளைங்க பக்கத்துல இருந்தா, பூச்சி இல்ல தாத்தா அது பங்கசு, பூஞ்சணம்னு திருத்துவாங்க. திருத்துறது சரிதான். ஆனா எனக்கு இருக்கற கேள்வி வேற. அந்த நேரத்துல இருந்த தொரைமாருங்க, கவர்மெண்டு ஆளுங்க, படிச்சவங்க, அவங்கெல்லாம் அது என்னான்னு நெனச்சாங்க, ஏன் அப்பிடி நெனச்சாங்க?

இதைக் கேக்கறதுக்குக் காரணம் இருக்கு. நான் டியூசன்ல சயன்ஸ் சொல்லிக்குடுக்கறவன். நாம பிள்ளைங்களுக்கு விஞ்ஞான வரலாறுன்னு சொல்றது என்னா? இன்னார் இன்ன வருசம் இதைக் கண்டுபிடிச்சார், அதுக்கு முன்ன எல்லாரும் பிழையா நெனச்சிட்டு இருந்தாங்க. அந்த "பிழையா நெனச்சிட்டு இருந்தாங்க"ங்கற ஒரு வரியில எத்தன மூளைக்காரங்கள முட்டாளாக்கிட்டுப் போறோம்னு யோசிச்சா பாவமா இருக்கும். பிழையான கொள்கைக்கும் காரணம் இருந்திச்சு, நிறைய நேரம் நல்ல காரணம். அதைச் சொல்லாம விட்டா அது ஏன் மாறுச்சுங்கறதே விளங்காது.

காப்பிக்கு வருவம்.

1869ல மடுல்சீமைப் பக்கம் காப்பி இலையில மஞ்சப் புள்ளி தெரிய ஆரம்பிச்சது. பேராதனைப் பூங்காவுக்குப் பொறுப்பா இருந்த த்வெயிட்ஸ் அந்த இலைய இங்கிலாந்துக்கு அனுப்ப, பேர்க்லிங்கற பாதிரியார் அது இதுவரைக்கும் யாரும் பாக்காத பங்கசுன்னு சொல்லி ஹெமிலேயா வாஸ்டாட்ரிக்ஸ்னு பேரும் வச்சார். அதே வருசத்துலயே. அப்ப நோயும் தெரிஞ்சிச்சு, காரணமும் தெரிஞ்சிச்சு, அப்புறம் என்ன பிரச்சினைன்னு கேப்பீங்க. பிரச்சினையே அங்கதான். இலையில பங்கசு இருக்குன்னு எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. பங்கசு வந்ததாலதான் செடி சீக்காச்சா, இல்ல செடி சீக்கா இருந்ததால பங்கசு வந்திச்சாங்கறதுதான் சண்டை. செத்த மரத்துல காளான் மொளைக்குது, ஊசிப்போன சோத்துல பூஞ்சணம் புடிக்குது, அதுக்காக காளான்தான் மரத்தைக் கொன்னுச்சுன்னு யாரும் சொல்லுவாங்களா? நோய்க்குக் காரணம் மண்ணு, மழை, காத்து, பராமரிப்பு, அதுல பலவீனமான செடியில இதெல்லாம் தானா வரும்னு நெனச்சது அந்தக் காலத்துக்கு ரொம்ப நியாயமான யோசனை. தோட்டக்காரங்களுக்கு இன்னொரு சாட்சியும் இருந்திச்சு, மழை கூடின வருசம் நோய் கூடுச்சு, பராமரிக்காத காணியில மோசமா இருந்திச்சு. கண்ணால பாத்தத வச்சுத்தானே பேசறாங்க.

இதே சண்டை 1845ல அயர்லாந்து உருளைக்கிழங்கு அழுகினப்பவே நடந்திருக்கு. லிண்ட்லிங்கற பெரிய தாவரவியல் பேராசிரியர், அளவுக்கு மீறின மழையில செடி தண்ணிய உறிஞ்சி வெளியேத்த முடியாம அழுகிப்போச்சுன்னார். இல்ல, அந்தப் பூஞ்சணம்தான் காரணம்னு சொன்னது யாரு? அதே பேர்க்லி. அப்ப அவர் பேச்சு அவ்வளவா எடுபடல. 1861ல ஜெர்மனியில டி பாரி ஒரு வேலை பாத்தார், நோய் வந்த இலையில இருந்த வித்திகள (பங்கசுக்கு விதை மாதிரி இருக்கற தூள்) எடுத்து நல்லா இருக்கற செடியில போட்டார், அது சீக்காச்சு, போடாத செடி நல்லா இருந்திச்சு. இவ்ளோ சின்ன பரிசோதனைதான், ஆனா காரணம் எது விளைவு எதுன்னு பிரிச்சுக் காட்டிட்டுது. இருந்தாலும் ஐரோப்பாவுல ஒரு ஆய்வுகூடத்துல ஒத்துக்கிட்ட விசயம் நம்ம மலையேறி வர்றதுக்கு இன்னும் இருபது வருசம் ஆச்சு.

ஏறி வந்தவர் பேரு ஹாரி மார்ஷல் வார்ட். 1880ல, 26 வயசுல. ஜெர்மனியில போய் படிச்சவர். அவர் செஞ்ச வேலைய நான் பிள்ளைங்களுக்கு எப்பவும் சொல்லுவேன். கண்ணாடித் துண்டுகள எடுத்து தோட்டத்துல அங்கங்க தொங்க விட்டார், காத்துல என்ன வந்து ஒட்டுதுன்னு பாக்கறதுக்கு. வித்திகள் வந்து ஒட்டுச்சு. அப்ப இது மண்ணுல இருந்தோ செடிக்குள்ள இருந்தோ வரல, காத்துல பறந்து வருது. அடுத்ததா ஒரு துளி தண்ணியில வித்திய வச்சுப் பாத்தார், அது மொளைச்சு நூல் மாதிரி ஒண்ணு விட்டுது, அந்த நூல் இலைக்கு அடியில இருக்கற இலைவாய்ங்கற சின்ன ஓட்டை வழியா உள்ள போச்சு. மழை கூடினா நோய் கூடுதுன்னு தோட்டக்காரங்க சொன்னாங்க பாருங்க, அது பொய்யில்ல. மழை காரணம் இல்ல, ஆனா மழை இல்லாம வித்தி மொளைக்காது. பழைய கொள்கை புடிச்ச சாட்சி அப்பிடியே இருக்கு, அதோட அர்த்தம் மட்டும் மாறிப்போச்சு. விஞ்ஞானத்துல கொள்கை மாறுறது பெரும்பாலும் இப்பிடித்தான்னு எனக்குத் தோணும், யாரும் பாக்காததப் பாக்கறது கொஞ்சம், எல்லாரும் பாத்தத வேற எடத்துல வைக்கிறது நிறைய.

நீங்களும் பாக்கலாம். லயத்து வீடுகளுக்குப் பின்னால, கோழிக்கூட்டுப் பக்கமா, வீட்டுக்கு மட்டும் தேவைக்குன்னு நிக்கற காப்பிச் செடி இன்னும் நிறைய எடத்துல இருக்கு. மழைக்கப்புறம் போய் அடி இலை ஒண்ணைத் திருப்புங்க. மேல மஞ்சப் புள்ளியாத் தெரியறது கீழ செங்காவி நிறத்துல மாவா அப்பியிருக்கும், வெரலால தடவினா ரேகைக்குள்ள எல்லாம் ஏறிக்கும், ஊதினா பறக்கும். ஸ்கூல் மைக்ரஸ்கோப்புல வச்சா ஒவ்வொரு வித்தியும் ஒரு பக்கம் முள்ளு முள்ளா, மத்தப் பக்கம் வழவழன்னு இருக்கறது தெரியும். ஒரு இலையில இது எத்தன இருக்கும்னு எண்ணப் போனா விடிஞ்சிரும். மலை மலையா ஒரே செடிய நட்டு வச்சிருந்தாங்க, நடுவுல காடு கூட விடல, காத்துக்கு என்ன வேலை? வார்டும் அதைத்தான் சொன்னார், இப்பிடி ஒரே பயிரா பரப்பி வச்சா நோய் பரவாம என்ன செய்யும், நடுவுல மரத்தடுப்பு வைக்கணும்னு.

ஆனா மருந்து சொல்ல முடியல. 1882ல திரும்பிப் போயிட்டார். கந்தகம், சுண்ணாம்புன்னு தூவிப் பாத்ததெல்லாம் தோட்டக் கணக்குல கட்டுபடியாகல. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையப் பத்தி பிரான்சுல மில்லார்டே வெளியிட்டது 1885ல. மூணே வருச வித்தியாசம். அதுக்குள்ள இங்க எல்லாம் முடிஞ்சிட்டுது, 1884ல ஓரியண்டல் பேங்க் கூட உடைஞ்சிட்டுது, தொரைமாருங்க நடுவுல சிங்கோனா (கொய்னா மருந்து எடுக்கற மரம்) போட்டுப் பாத்து அதுவும் விலை விழுந்து, கடைசியா ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவுல 1867ல 19 ஏக்கர்ல வச்சுப் பாத்த தேயிலைக்கு வந்து சேந்தாங்க. (காப்பி போனதாலதான் இங்கிலாந்துக்காரன் டீ குடிக்கப் பழகினான்னு ஒரு கதை சுத்துது, நம்பாதீங்க. அவன் அதுக்கு ரொம்ப முன்னமே சீனத் தேயிலையக் குடம் குடமாக் குடிச்சிட்டிருந்தான்.)

சரியான கொள்கை கையில வந்தும் காப்பிய அது காப்பாத்தல. காப்பிக்கு ஆள் தேவை சீசனுக்கு, நம்ம ஆளுங்க மன்னார்ல எறங்கி மாத்தளை வரைக்கும் காட்டுல நடந்து வந்து, பழம் பறிச்சு முடிஞ்சதும் திரும்பிப் போனவங்க. தேயிலைக்கு வருசம் முழுக்க கொழுந்து எடுக்கணும், குடும்பத்தோட இங்கயே தங்க வேண்டியதாயிட்டுது. நாம மலையகத்தார் ஆனதுல அந்தச் செங்காவி மாவுக்கும் பங்கு உண்டு. அந்த இலை உதிர்றத மொதல்ல பாத்தது தொரையா இருக்காது, நெரையில நின்ன யாரோ ஒருத்தராத்தான் இருக்கும், அவங்க என்ன நெனச்சாங்கன்னு எந்த ரிப்போட்டுலயும் இல்ல.

1946ல தேயிலையிலயும் ஒரு பங்கசு வந்திச்சு, கொப்புள நோய். அம்மா கொழுந்தெடுத்த காலத்துல மிஸ்ட் எறங்கற மாசங்கள்ல வீட்டுக்கு வந்து சொல்ற மொத வார்த்தை அதுதான், இன்னிக்கு நெரை முழுக்கக் கொப்புளம், கொழுந்து தேறலன்னு. இளம் இலையில மேல குழியா, கீழ வெள்ளையாப் பொங்கி நிக்கும். காப்பிக்கு நடந்தது தேயிலைக்கும் நடந்திருக்கணும், நடக்கல. ஏன்னா இந்தத் தடவ காரணம் என்னாங்கறதுல சண்டையே இல்ல, தலவாக்கலையில தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருந்திச்சு, செப்பு மருந்து இருந்திச்சு. நெழல் மரத்த வெட்டி வெயில் விட்டாங்க, மருந்தடிச்சாங்க, தேயிலை நின்னுச்சு.

அதோட மருந்து மேல வந்த நம்பிக்கை கொஞ்சம் ஓவராவும் போச்சு. கொப்பத் தொளைக்கற சின்ன வண்டுக்குன்னு 1950கள் கடைசியில டீல்ட்ரின்ங்கற பூச்சிமருந்த அடிச்சாங்க, அது தேயிலை இலையத் தின்னற டோர்ட்ரிக்ஸ் புழுவ அடக்கி வச்சிருந்த ஒரு குளவிய ஒழிச்சிட்டுது, 1930கள்ல ஜாவாவுல இருந்து வேணும்னே கொண்டுவந்து விட்ட குளவி அது, உடனே புழு பெருகிட்டுது. பூச்சின்னா கொல்லுங்கற கொள்கையும் மாற வேண்டியதாப் போச்சு. அது தனிக் கதை.

இலைய விட்டுட்டு கல்லுக்குப் போவம், கொள்கை மாற்றம்னா எனக்கு ரொம்பப் புடிச்ச ஆளு அங்கதான் இருக்கார். கெல்வின் பிரபு.

பூமிக்கு எத்தன வயசுங்கறத வேதப் புத்தகத்துல இருந்து கணக்குப் போட்டு கி.மு. 4004ல படைக்கப்பட்டதுன்னு சொன்னவங்க காலம் போய், கெல்வின் 1862ல பௌதிகத்த வச்சுக் கணக்குப் போட்டார். பூமி உருகின பாறையா இருந்து ஆறிக்கிட்டு வருது, சுரங்கத்துல எறங்க எறங்க எவ்ளோ சூடு கூடுதுன்னு தெரியும், பாறை எந்தச் சூட்டுல உருகும்னு தெரியும், அப்ப ஆற எவ்ளோ காலம் எடுத்திருக்கும்? 2 கோடியில இருந்து 40 கோடி வருசத்துக்குள்ளன்னார். 1897ல இன்னும் இறுக்கி 2 கோடியில இருந்து 4 கோடின்னுட்டார். 1862 கணக்கே டார்வினுக்குப் பெரிய தலைவலியா இருந்திச்சு, கூர்ப்பு (பரிணாமம்) நடக்க அந்தக் காலம் போதாது. ஆனா கெல்வினோட கணக்குல ஒரு எடத்துல கூட கூட்டல் கழித்தல் பிழை இல்ல.

இங்கதான் நம்ம பக்கத்து ஆள் ஒருத்தர் வர்றார், ஆனந்த குமாரசாமி. அப்பா முத்து குமாரசாமி கொழும்புத் தமிழர், அம்மா இங்கிலாந்து. கலை, சிற்பம்னு எழுதினவராத்தான் அவரை எல்லாருக்கும் தெரியும், ஆனா அவர் படிச்சது கல்லும் மண்ணும் படிக்கிற புவிச்சரிதவியல், இலங்கை கனிப்பொருள் ஆய்வுக்கு மொத டைரக்டர் அவர்தான். 1904ல சப்ரகமுவ மாணிக்க இல்லத்துல (மாணிக்கக்கல்லு கெடைக்கற சரளைப் படிவம்) கெடைச்ச கறுப்பா, கட்டை கட்டையா, கனமான ஒரு கல்லு அவர் கைக்கு வருது. யுரேனியக் கல்லுன்னு நெனச்சு லண்டனுக்கு அனுப்பினார். அங்க பாத்தா அதுல பெரும்பகுதி தோரியம், புதுக் கனிப்பொருள், தோரியனைட்டுன்னு பேரு வச்சாங்க. அடுத்த வருசமே லண்டன்ல ராம்சேகிட்ட வேலைக்கு வந்த ஓட்டோ ஹான், பின்னாடி அணுப்பிளவுக்கு நோபல் வாங்கினவர், இந்த இலங்கைக் கல்லுச் சரக்குல இருந்துதான் ரேடியோதோரியத்தக் கண்டுபிடிச்சார். கதிர்த்தொழிற்பாட்டால (யுரேனியம், தோரியம் மாதிரி அணு தானா உடையறது) ஹீலியம் சேந்துக்கிட்டே போகும், கல்லுக்குள்ள எவ்ளோ ஹீலியம் இருக்குன்னு அளந்தா அதோட வயசு தெரியும்னு ஸ்ட்ரட்ங்கற பௌதிகக்காரர் அளந்தப்ப இலங்கைத் தோரியனைட்டுக்கு வந்த வயசு 20 கோடி வருசத்துக்கும் மேல. ஹீலியம் கசிஞ்சு போயிருக்கும், அதனால இது கொறஞ்சது. கெல்வின் முழுப் பூமிக்கும் கடைசியாக் குடுத்த வயச விட நம்ம இலங்கைக் கல்லுக்கு வயசு கூட! 1914ல சொடி இலங்கைத் தோரைட்டுக் கல்லுல இருந்து எடுத்த ஈயம் சாதாரண ஈயத்த விட பாரம்னு காட்டினது சமதானிங்கற (ஒரே தனிமம், ஆனா அணுவோட பாரம் வேற வேற) கருத்துக்கே பெரிய ஆதாரமாச்சு. இப்ப பூமிக்கு 454 கோடி வருசம்ங்கறாங்க.

வழக்கமாச் சொல்ற கதை இங்க முடியும். கெல்வினுக்கு கதிர்த்தொழிற்பாடு தெரியாது, அது உள்ள சூடு குடுக்குது, அதனால அவர் கணக்குப் பிழைச்சிட்டுதுன்னு. நானும் இப்பிடித்தான் படிச்சேன். ஆனா அந்தச் சூட்டக் கணக்குல சேத்தாலும் கெல்வினோட விடை பெருசா மாறாது. உண்மையான ஓட்டைய 1895லயே ஒருத்தர் காட்டிட்டார், ஜோன் பெரி, கெல்வின்கிட்டயே உதவியாளரா இருந்தவர். பூமிக்குள்ள சூடு கடத்தலால மட்டும்தான் போகுதுன்னு நீங்க எடுத்துக்கிட்டீங்க, உள்ள மெதுவா அசைஞ்சு கொடுத்து, சூடானது மேல ஏறி ஆறினது கீழ போற மேற்காவுகை நடந்தா என்ன ஆகும்னு கேட்டார். கஞ்சிய அடுப்புல இருந்து எறக்கி சும்மா வச்சா மேல ஏடு கட்டி சீக்கிரம் ஆறிடும், கிண்டிக்கிட்டே இருந்தா உள்ள இருக்கற சூடு வந்துக்கிட்டே இருக்கும், மேல கை வச்சா கொதிக்கும். அப்ப மேல்சூட்ட மட்டும் பாத்து எப்ப எறக்கினதுன்னு சொல்ல முடியுமா? பெரி கணக்குல பூமிக்கு 200, 300 கோடி வருசம் கூட வரலாம். யாரும் காதுல வாங்கல. திடமான பாறை அசையும்னு சொன்னா அந்தக் காலத்துல யாரு நம்புவா?

அந்த நம்பிக்கையின்மைக்கு குடுத்த விலை பெருசு. 1912ல வேகனர் கண்டங்கள் நகருதுன்னு சொன்னப்ப, எதை வச்சு நகரும், திடப் பாறைக்குள்ள கண்டம் எப்பிடி ஓடும்னுதான் எல்லாரும் மடக்கினாங்க. ஆர்தர் ஹோம்ஸ், ஸ்ட்ரட்கிட்ட கல்லு வயசு அளக்கப் பழகினவர், 1920கள் கடைசியில உள்ள மேற்காவுகை நடக்குது, அதுதான் கண்டத்த இழுக்குதுன்னார். பெரி கேட்ட அதே கேள்வி, முப்பது வருசம் பிந்தி. அதுக்கப்புறமும் கடல் தளம் நடுவுல பிளந்து விரியுதுன்னு 1960கள்ல காட்டினப்பதான் ஊரு ஒத்துக்கிட்டுது.

இப்ப தேவாங்கு.

ஹோர்ட்டன் சமவெளிப் பக்கத்துல ஒரு தேவாங்கு இருக்கு, குட்டைக் கையி, அடர்ந்த ரோமம், அழிஞ்சே போச்சுன்னு நெனச்சிட்டு இருந்தது, 2010ல அதோட போட்டோ வெளிய வந்து ஊரே பேசிச்சு. தேவாங்கு இனம் இங்கயும் தென்னிந்தியாவுலயும் இருக்கு, அதோட தாயாதிங்க லெமூர் எல்லாம் கடலுக்கு அங்கிட்டு மடகாஸ்கர்ல. எப்பிடி? 1864ல ஸ்கிளேட்டர்ங்கற விலங்கியல்காரர், நடுவுல ஒரு கண்டம் இருந்து கடல்ல முழுகியிருக்கணும், அதுக்கு லெமூரியான்னு பேரு வைப்பம்னார். சிரிக்காதீங்க, கண்டம் நகராதுன்னு எல்லாரும் நம்பின காலத்துல வேற வழியே இல்ல, கடல்ல முழுகின தரைப்பாலம்ங்கறது அப்ப எல்லா விஞ்ஞானியும் கையில எடுத்த சாதனம். கண்டம் நகருதுன்னு ஆனதும் விஞ்ஞானிங்களுக்கு லெமூரியா தேவைப்படல. இந்த மலையோட சார்னோகைட் பாறைக்குச் சோடி கேரளாவுலயும் மடகாஸ்கர்லயும் அந்தாட்டிக்காவுலயும் இருக்கு, ஒரு காலத்துல எல்லாம் ஒட்டியிருந்து பிரிஞ்சது, முழுகல. ஆனா அவங்க விட்ட கொள்கை நம்ம வீட்டுக்கு வந்து, முச்சங்கக் கதையோட கடல்கோளோட சம்பந்தம் பண்ணி, குமரிக்கண்டமா இன்னிக்கும் நல்லா இருக்கு.

வேடிக்கை என்னன்னா லெமூர் கேள்விக்கு கண்ட நகர்வும் பதில் இல்ல. மடகாஸ்கர் ஆப்பிரிக்காவ விட்டுப் பிரிஞ்ச காலத்துல லெமூரே கெடையாது, குரங்கு வம்சமே கெடையாது. அப்புறம்தான் ஏதோ ஆத்து வெள்ளம் புடுங்கின மரக் கும்பல்ல தொத்திக்கிட்டு ஆப்பிரிக்காவுல இருந்து கடல் தாண்டி வந்திருக்கணும்னு இப்ப பெரும்பாலானவங்க சொல்றாங்க. இப்ப நீரோட்டம் அதுக்கு எதிர்ப்பக்கம்தானேன்னு ஆட்சேபணை இருந்திச்சு, அந்தக் காலத்து நீரோட்டத்தக் கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டு, அப்ப கிழக்க ஓடியிருக்குன்னு 2010ல அலியும் ஹூபரும் காட்டினாங்க.

இதையெல்லாம் நான் ஒரு கல்யாண வீட்டுல எங்க மாமாகிட்ட விளக்கிட்டு இருந்தேன், அவர் குமரிக்கண்டத்துல அசைக்க முடியாத ஆளு. பொறுமையா கேட்டுட்டு, "ஏம்ப்பா மருமகனே, ஒரு குரங்குக்குட்டி மரக்கட்டையில ஏறி நடுக்கடல தாண்டிச்சுன்னா நம்புவ, ஒரு நாடு கடல்ல போச்சுன்னா நம்ப மாட்டியா?"ன்னார். பக்கத்துல இருந்தவங்கெல்லாம் சிரிச்சிட்டாங்க. கேள்வி ஒண்ணும் மோசமில்ல. கண்டப் பாறை பாரம் கொறஞ்சது மாமா, அது கீழ போகாது, கடல் அடியில இருக்கறது வேற பாறை, எடுத்துப் பாத்தாச்சுன்னு சொன்னேன். அவர் போனை எடுத்து வாட்ஸ்அப்புல வந்த ஒண்ணைக் காட்டினார், மொரிசியஸ்ல காணாமப் போன கண்டம் கண்டுபிடிப்புன்னு.

அது போலிச் செய்தி இல்லைங்கறதுதான் கஷ்டம். மொரிசியஸ் எரிமலைத் தீவு, அதோட பாறைக்கு ஒரு கோடி வருசம் கூட இல்ல, ஆனா அதுக்குள்ள 300 கோடி வருசம் வரைக்கும் போற சிர்கோன்ங்கற கனிப்பொருள் மணி இருக்குன்னு 2017ல ஒரு குழு காட்டினாங்க. இந்தியாவும் மடகாஸ்கரும் பிரியறப்ப நடுவுல கிழிஞ்ச ஒரு கண்டத் துண்டு அடியில கெடக்குதுங்கறது அவங்க முடிவு, அதுக்கு மொரிசியான்னே பேரு. மெல்லிசா இழுபட்ட துண்டு, அதனால தண்ணிக்குக் கீழ போயிருக்கு. நான் சொன்னேன், மாமா இது கோடிக்கணக்கான வருசத்துக்கு முன்ன, மனுசனே இல்ல, தமிழும் இல்ல, அதுவும் சின்னத் துண்டு.

"சின்னதோ பெருசோ, முழுகிச்சா இல்லியா?"

"முழுகிச்சு மாமா."

"அதைச் சொல்லு மொதல்ல"ன்னுட்டு எந்திரிச்சு பந்திக்குப் போயிட்டார்.